செருப்பை மாட்டினாலே ‘ஆஸ்பத்திரிக்கா?’ என்று கேட்கிறான்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. இடது சிறுநீரகத்தில் அடைப்பு இருந்ததால் மூன்று வாரத்துக்கு முன் பைலோபிளாஸ்டி ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முன்பே சொன்னால் அழுவான் என்று பயந்து, ‘சும்மா வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாங்க, உடனே வந்துடலாம்’ என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம். டிரிப்ஸ் ஊசி போடும்போது என் கணவர்தான் அவன் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார். மயக்கம் தெளியும்போது என்னையே யாரென்று தெரியாதவன் மாதிரி கத்தினான், அடித்தான், டியூபைப் பிடுங்கப் பார்த்தான். மறுநாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ‘சமத்துப் பையன்’ என்றார்கள் நர்ஸுகள். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஆரம்பித்தது. நின்று போயிருந்த பழக்கம், ராத்திரி படுக்கையை நனைக்கிறான். தூக்கத்தில் அலறுகிறான். அப்பாவிடம் போகவே மாட்டேன் என்கிறான். பொம்மைக்கு ஊசி குத்திக்கொண்டே இருக்கிறான். நான் செருப்பை மாட்டினாலே ‘ஆஸ்பத்திரிக்கா?’ என்கிறான். உள்ளே வைத்த ஸ்டென்டை எடுக்க இன்னும் மூன்று வாரத்தில் மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டுமாம். கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்கிறார் கணவர். இந்தத் தடவையும் சொல்லாமலே கூட்டிப் போய்விடு என்கிறார் என் அம்மா. அடுத்தடுத்து மயக்க மருந்து கொடுத்தால் மூளையைப் பாதிக்குமா? எனக்கே ராத்திரியில் அந்த மானிட்டர் சத்தம் காதில் கேட்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் கேள்விகளில் ஒன்று காத்திருக்காது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் வைத்திருக்கும் மெல்லிய குழாய் அது. இரண்டு முனையும் சுருண்டிருக்கும். வெட்டித் தைத்த இடம் ஆறுகிறவரை சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக வைப்பது. நாலு முதல் ஆறு வாரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அதற்குமேல் உள்ளேயே கிடந்தால் உப்பு படியும், கிருமி தங்கும், எடுப்பதும் சிரமமாகிவிடும். சில நிமிடத்தில் முடிகிற வேலை அப்போது பெரிய வேலையாகும். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் டாக்டரே தேதியை மாற்றிக் கொடுப்பார். நம்முடைய பயத்துக்காக மாற்ற வேண்டாம்.

அடுத்து படுக்கையை நனைப்பது. இதை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டென்டின் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள் சுருண்டு கிடக்கிறது. அது உரசிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி வரும், அவசரமாக வரும், அடக்க முடியாமல் போகும். போகும்போது விலாப் பக்கம் வலிக்கிறது என்று சில குழந்தைகள் சொல்வார்கள். ஓடி விளையாடிய பிறகு சிறுநீர் லேசாகச் சிவந்து வரலாம். ஆக, ராத்திரி நனைவதில் ஒரு பங்கு அந்தக் குழாயின் வேலை. பயத்தின் பங்கும் இருக்கலாம், எது எவ்வளவு என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியாது. குழாயை எடுத்த பிறகு தானாகத் தெரியவரும். அதுவரை திட்ட வேண்டாம், ‘பெரிய பையன் இப்படிச் செய்யலாமா’ என்று கேட்கவும் வேண்டாம். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும், அதையும் கவனியுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, நடுக்கமோ வாந்தியோ வந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, ரத்தம் கெட்டியாகவோ கட்டியாகவோ வந்தாலோ, தையல் இடம் சிவந்து வீங்கினாலோ மட்டும் அன்றே, எந்த நேரமானாலும், ஆபரேஷன் செய்தவர்களைக் கூப்பிடுங்கள். இதற்கு என் பதிலுக்காகவோ வேறு யார் பதிலுக்காகவோ காத்திருக்கக் கூடாது.

இனி மற்ற விஷயங்கள். தூக்கத்தில் அலறுவது, ஒட்டிக்கொண்டே இருப்பது, கோபம், பழகியிருந்த விஷயங்களில் பின்னே போவது, இதெல்லாம் இந்த வயதில் ஆபரேஷனுக்குப் பிறகு சகஜம். ஆபரேஷனுக்குப் போன குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் பாதிக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளிடம் இப்படி ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. ஆறு மாதத்தில் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அதாவது பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஸ்டென்ட் எடுத்து ஒன்றிரண்டு மாதம் ஆன பிறகும் தூக்கம் சரியாகவில்லை, வெளியே வர மாட்டேன் என்கிறான், விளையாட்டே இல்லை என்றால் குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். இப்போதைக்குப் பிள்ளை மாறிப்போய்விட்டான் என்று நினைக்க வேண்டாம். நடந்ததை அவன் தன்னால் முடிந்த வழியில் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

மயக்கம் தெளியும்போது நடந்ததுதான் உங்களை அதிகமாக உலுக்கியிருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கையில் தோன்றியது. யாராவது முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முகமூடி வழியாகக் கொடுக்கும் மயக்க வாயு உடம்பை விட்டுப் போகும்போது, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் ஒரு சிலர் இப்படித்தான் விழிப்பார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. முதுகை வளைத்து உதைப்பார்கள். அம்மாவையே தள்ளிவிட்டு ‘அம்மா வேணும்’ என்று கத்துவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். பாதி மூளை விழித்து, பாதி விழிக்காமல் இருக்கும் நிலை அது. பெரும்பாலும் பத்து நிமிடம், அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மறுபடி தூங்கி எழுந்தால் அவர்களுக்கு அது பொதுவாக நினைவிலேயே இருக்காது. வலியாலும் அழுதிருக்கலாம், இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. ஆனால் அவன் உங்களை அடையாளம் தெரியாமல் போனதுக்கும் உங்கள் மேல் உள்ள பாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அடியை மனசிலிருந்து இறக்கி வையுங்கள்.

அந்த அமைதிதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம் தந்தது. சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் குழந்தையை ‘சமத்து’ என்று சொல்வது ஆஸ்பத்திரிகளில் பழைய பழக்கம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெற்றோரை வாரத்துக்கு ஒருமுறைதான் வார்டுக்குள் விட்ட ஆஸ்பத்திரிகள் இருந்தன. அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, அதனால் வராமல் இருப்பதே நல்லது என்று மனசாரவே நம்பினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற பிரிட்டிஷ் சமூகப் பணியாளர் வார்டுகளில் உட்கார்ந்து குழந்தைகளை நாள்கணக்கில் கவனித்தார். முதலில் அழுது போராடுவார்கள், பிறகு சோர்ந்து அடங்குவார்கள், அப்புறம் யார் வந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்று விலகிவிடுவார்கள் என்று கண்டு சொன்னார். அந்த அடங்கலைத்தான் எல்லோரும் தேறிவிட்டது என்று எண்ணியிருந்தார்கள். 1952இல் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் ஆஸ்பத்திரி நாள்களைப் படம்பிடித்தே காட்டினார். டாக்டர்களில் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் பிரிட்டனில் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை வந்தது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு அம்மாவும் தங்க வேண்டும் என்று அது சொன்னது. நீங்கள் அந்த நாலைந்து நாளும் பக்கத்திலேயே இருக்க முடிந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது.

உங்கள் மகன் மூன்றாவது நிலைக்குப் போகவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும், இனி பயமில்லை என்று தெரிந்ததும், அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுகிறான். வார்டில் வராத அழுகை இப்போது வருகிறது. வரட்டும்.

பொம்மைக்கு ஊசி குத்துவதும் அதில் ஒரு பகுதிதான். தயவுசெய்து பொம்மையை ஒளித்து வைக்காதீர்கள். ‘பாவம், பொம்மைக்கு வலிக்கும், மெதுவா’ என்று திருத்தவும் வேண்டாம். அவனுக்கும்தானே வலித்தது. ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, ஒட்டுகிற டேப், ஒரு மாஸ்க், இவற்றை அவனிடமே கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் பத்து முறை, இருபது முறை வெறுமனே குத்துவான். கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். சில நாளில் கதை மாறும். பொம்மைக்குக் கட்டுப் போடுவான், அதற்குத் தண்ணீர் கொடுப்பான், ‘அழாதே, முடிஞ்சுடுச்சு’ என்று அவனே சொல்வான். சில குழந்தைகள் பொம்மையை விட்டுவிட்டு அம்மாவைப் படுக்கச் சொல்வார்கள். படுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் அவனுக்குச் செய்தார்கள், இங்கே ஒருமுறையாவது அவன் டாக்டராக இருக்கட்டும்.

இப்போது உங்கள் அம்மாவின் யோசனைக்கு வருகிறேன். பேரன் அழுவதைப் பார்க்க முடியாமல் சொல்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் சொல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. செருப்பை மாட்டினாலே கேட்கிறானே, ஏன்? ஆஸ்பத்திரி பயங்கரமானது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தால், ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துத்தான் பயப்படுவான். எப்போது வேண்டுமானாலும், எங்கே போகிறோம் என்று சொன்னாலும், அது ஆஸ்பத்திரியாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். அதனால் கடைக்குப் போகிற செருப்பும் பயமாகிவிட்டது. பயம் ஓர் இடத்தோடு நிற்காமல் எல்லா இடத்துக்கும் பரவியதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். மறுபடியும் அதையே செய்தால் அவன் உங்கள் வார்த்தையை நம்புவதற்கு ரொம்ப நாளாகும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எத்தனையோ பெற்றோர் பிள்ளை மேல் உள்ள அன்பினாலேயே இதைச் செய்கிறார்கள். உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு மூன்று வாரத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

உண்மையைச் சொன்னால் அழுவான். அழத்தான் செய்வான். வீட்டில், உங்கள் மடியில், கேள்வி கேட்க நேரமிருக்கும்போது அழுவது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அழுவதை விட எவ்வளவோ மேல்.

எப்போது சொல்வது? பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லலாம். நாலு வயதில் அத்தனை நாளைக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, வீண் தவிப்பாகப் போகும். இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும், பகலில், தூங்கப் போகிற நேரம் தவிர்த்து. ஆனால் அதற்கு முன் அவனே ‘ஆஸ்பத்திரிக்கா?’ என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் உள்ளதைச் சொல்லுங்கள். ‘இல்லை, கடைக்குத்தான் போறோம். ஆஸ்பத்திரிக்குப் போற நாள் வந்தா உன்கிட்ட முன்னாடியே சொல்லுவேன், சொல்லாம கூட்டிட்டுப் போக மாட்டேன்.’ இதைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லி, சொன்னபடியே நடந்தும் காட்டினால், மூன்று வாரத்தில் கொஞ்சமாவது நம்பிக்கை திரும்பும்.

போன தடவையைப் பற்றியும் ஒருநாள் பேசுங்கள். நீளமாக வேண்டாம். ‘போன தடவை அம்மா உன்கிட்ட சரியா சொல்லலை. சும்மா தொட்டுப் பார்ப்பாங்கன்னு சொன்னேன், ஆனா ஊசியெல்லாம் போட்டாங்க. உனக்குக் கோபம் வந்திருக்கும். இனிமே அம்மா உண்மையைத்தான் சொல்லுவேன்.’ இதோடு இன்னொரு வரி கட்டாயம் சேருங்கள்: ‘நீ எந்தத் தப்பும் பண்ணலை, அதுக்காக ஊசி போடலை.’ இந்த வயதுக் குழந்தைகள் தங்களுக்கு நடந்த கெட்டதெல்லாம் தாங்கள் செய்த சேட்டைக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘சொன்ன பேச்சு கேட்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்’ என்று வீட்டில் யாராவது சொல்கிற பழக்கம் இருந்தால், இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொன்னாலும் சரி.

ஸ்டென்டைப் பற்றிச் சொல்வதும் கஷ்டமில்லை. ‘உன் வயித்துக்குள்ள சின்னதா மெல்லிசா ஒரு குழாய் வெச்சிருக்காங்க. புண் ஆறணும்னு வெச்சது. இப்போ ஆறிடுச்சு, அதனால எடுத்துடப் போறாங்க. எடுக்கும்போது உனக்குத் தெரியாது, ஏன்னா டாக்டர் ஒரு மருந்து கொடுத்துத் தூங்க வைப்பாங்க. அது ராத்திரித் தூக்கம் மாதிரி இல்லை, மருந்துத் தூக்கம். நடுவுல முழிப்பு வராது. முடிஞ்சதும் டாக்டரே எழுப்பிடுவாங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்.’ ராத்திரித் தூக்கம் வேறு, இது வேறு என்று சொல்லாமல் விட்டால், சில குழந்தைகள் அன்று முதல் படுக்கவே பயப்படுவார்கள். வெட்டுவது, கிழிப்பது போன்ற சொற்கள் வேண்டாம், வயிற்றில் புதிதாக வெட்டும் இருக்காது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதை மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டு உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள். ஊசி விஷயமும் அப்படியே. ஊசி கிடையாது என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். மாஸ்க் வைத்துத் தூங்கிய பிறகு ஊசி போடுவார்களா, முழித்திருக்கும்போதே போடுவார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். தெரியாத கேள்விக்கு ‘தெரியலையே, டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் கேட்போம்’ என்று சொன்னால் போதும், குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

முழித்திருக்கும்போது ஊசி போடுவதாக இருந்தால் மரத்துப்போகும் கிரீம் கேளுங்கள். வெள்ளையாக இருக்கும், கையின் மேல்புறம் தடவி மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஒட்டுவார்கள். வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் அங்கே போன உடனேயே கேட்க வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டுப் பயனில்லை. ஒரு கையில் நரம்பு கிடைக்காமல் போகலாம், இரண்டு கையிலும் தடவச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளையின் கையைக் காலை அமுக்கிப் பிடித்தது அவருக்கும் சுலபமாக இருந்திருக்காது. யாரோ பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார். ஆனால் மல்லாக்கப் படுக்க வைத்து மேலிருந்து அமுக்கும்போது குழந்தைக்கு வலியை விடப் பெரிதாகத் தெரிவது தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்பதுதான். அப்பாவிடம் போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். இந்த முறை அப்பா நாற்காலியில் உட்காரட்டும். பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக, தன்னைப் பார்த்தபடி மடியில் உட்கார வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும். கால்கள் அவர் இடுப்பின் இரண்டு பக்கமும் போகும். ஊசி போடுகிற கை மட்டும் அவர் அக்குளுக்கு அடியில் பின்னால் நீளும். அந்தக் கையைப் பிடிப்பது நர்ஸின் வேலை. பிடி அதே பிடிதான், ஆனால் பிள்ளைக்கு அது அணைப்பு. இப்படி உட்கார வைக்கலாமா என்று கேளுங்கள், குழந்தைகள் வார்டில் வேலை செய்கிற பெரும்பாலானவர்களுக்கு இது தெரியும். வீட்டிலேயே விளையாட்டாக ஒன்றிரண்டு முறை செய்து பார்ப்பதும் நல்லது. அப்பாவிடம் வர மாட்டேன் என்றால் இழுக்க வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம், எதையும் எதிர்பார்க்காமல், அவன் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். பொம்மைக்கு ஊசி போட ஒரு ஆள் வேண்டுமென்று அவனே ஒருநாள் கூப்பிடுவான்.

ஊசி போடும் நேரத்தில் என்ன பேசுவது? ‘ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை’ என்று நாம் எல்லோருமே சொல்வோம். ஆனால் பெற்றோர் திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லும்போதும், ‘மன்னிச்சுக்கோடா’ என்று சொல்லும்போதும் குழந்தையின் பதற்றம் கூடுகிறது என்று இதைக் கவனித்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், நடுங்குகிற குரலில் ‘ஒண்ணுமில்லை’ என்று சொன்னால், என்னவோ இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ‘இப்போ சுருக்குன்னு இருக்கும், நான் பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு எண்ண ஆரம்பியுங்கள். அல்லது அவனுக்குப் பிடித்த கதையைத் தப்புத் தப்பாகச் சொல்லுங்கள், திருத்துவதில் பாதிக் கவனம் போய்விடும். அழுதால் அழட்டும். ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்று சுற்றி இருக்கிற யாராவது சொன்னால், ‘அழலாம்’ என்று நீங்கள் சொல்லுங்கள்.

மாஸ்க் வைக்கும்போது உங்களில் ஒருவரை உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் விடுவதில்லை, விட்டால் உங்கள் இருவரில் யாருக்கு மனசு நிதானமாக இருக்கிறதோ அவர் போகட்டும். போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நிமிடம் போல ஆனதும் பிள்ளையின் கண் மேலே சொருகும், கை கால் துள்ளும், குறட்டை மாதிரி சத்தம் வரும், பிறகு உடம்பு துவண்டுவிடும். பார்க்கப் பயமாக இருக்கும். அப்படித்தான் எல்லாக் குழந்தையும் தூங்கும், அந்த நேரத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்து அழுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மூளையைப் பற்றிய கேள்வி. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை கொடுத்தது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பலமுறை மயக்க மருந்து கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்றது. அதற்கு அடிப்படை பெரும்பாலும் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள். குழந்தைகளிடம் பார்த்தபோது நிலைமை ஆறுதலாகவே இருந்தது. கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்தபோது ஒரு பாதிக்கு மயக்க மருந்தும், மறுபாதிக்கு முதுகு வழியாக மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, ஐந்து வயதில் இரண்டு பிரிவையும் ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான அந்த முடிவில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தைப் பற்றிய ஆய்வு அது. உங்கள் மகனுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது, இப்போது செய்யப்போவது சில நிமிட வேலை. அடைபட்ட சிறுநீரகத்தை அப்படியே விட்டிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும் என்பதுதான் நிச்சயமான ஆபத்து. இதற்காக நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ரொம்பக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. திட உணவும் பாலும் பொதுவாக ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம், ஒரு மணி நேரம் முன்பு வரை விடுகிற இடங்களும் இப்போது உண்டு. உங்கள் ஆஸ்பத்திரி எந்த நேரம் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால், ‘தண்ணீர் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுக்கலாம்?’ என்று திருப்பிக் கேளுங்கள். தாகத்தில் தவிக்கிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது யாராலும் முடியாது.

குழாயை எடுத்த பிறகு முதல் ஒன்றிரண்டு முறை சிறுநீர் போகும்போது எரியும். இதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். எரிச்சலுக்குப் பயந்து அடக்குவான். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, அதிலேயே போகச் சொல்லுங்கள், எரிச்சல் குறையும். வலி மருந்தை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். அவன் அழுத பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்களைப் பற்றிக் கடைசி வரியில் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டீர்கள். மானிட்டர் சத்தம் காதில் கேட்பது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று எழுந்து பார்ப்பது, இதெல்லாம் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த பெற்றோருக்கு வருகிற பாதிப்பு. பைத்தியமும் இல்லை, பலவீனமும் இல்லை. ஸ்டென்ட் எடுக்கிற நாள் வரைக்கும் ராத்திரியை நீங்களும் கணவரும் முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவர் பார்க்கும்போது மற்றவர் வேறு அறையில் தூங்குங்கள். உங்கள் அம்மா அதே வீட்டில் இருந்தால் அவருக்கும் ஒரு ராத்திரி கொடுங்கள், அவர் கேட்பதும் அதுவாக இருக்கலாம். ஒரு மாதத்துக்குமேல் இது குறையாமல் இருந்தாலோ, பகல் வேலையே ஓடவில்லை என்றாலோ உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்க்கிற நாளில், போன தடவை மயக்கம் தெளியும்போது நடந்ததை விவரமாகச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் கத்தினான், எப்படி அடங்கினான், யாரைத் தெரியவில்லை, எல்லாம். ‘அழுதான்’ என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் புரியாது, எல்லாக் குழந்தையும்தான் அழுகிறது. விவரம் தெரிந்தால் நாங்கள் மருந்தை மாற்றிக் கொடுக்க முடியும். வாயுவுக்குப் பதிலாக நரம்பு வழியாகக் கொடுக்கும் மருந்து, விழிக்கும் முன் மெதுவாகத் தெளிய வைக்கும் மருந்து என்று வழிகள் இருக்கின்றன. பதற்றம் அதிகமுள்ள குழந்தைக்கு அரை மணி நேரம் முன்பே வாய்வழியாக ஒரு மருந்து கொடுத்து அமைதிப்படுத்தவும் முடியும். விழிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதி உண்டா என்றும் அப்போதே கேட்டு வையுங்கள். நேரில் பார்க்கும்போது பாதி மறந்துபோகும், அதனால் எனக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பிரதியை எடுத்துப் போய் அவரிடம் அப்படியே கொடுத்துவிட்டாலும் சரி.